சாட்சியாக அழைக்கப்பட்டவருக்கு மௌனம் காக்கும் உரிமை உண்டா?

கேள்வி: எனக்கு வயது 63. ஓர் அரசியல் பிரமுகரின் அலுவலகத்தில் 11 ஆண்டுகள் உதவியாளராக இருந்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் விலகினேன். கடிதங்களைத் தட்டச்சு செய்வது, பயணச்சீட்டு எடுப்பது, கூட்டங்களுக்கு அறை பதிவு செய்வது ஆகியவை என் வேலைகள். இப்போது அவர்மீதும் வேறு சிலர்மீதும் குற்றச்சதி வழக்குப் பதிவாகியிருக்கிறது. சதித்திட்டம் தீட்டப்பட்டதாகச் சொல்லப்படும் கூட்டத்துக்கு அறை பதிவு செய்து கொடுத்தவன் நான்தான். சாட்சி என்ற முறையில் விசாரணைக்கு நேரில் வருமாறு எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. “வாயைத் திறக்காதீர்கள், திறந்தால் உங்களையும் சேர்த்துவிடுவார்கள்” என்கிறார் மைத்துனர். “மடியில் கனமில்லாதவருக்கு வழியில் என்ன பயம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வாருங்கள்” என்கிறார் மனைவி. பேசாமலிருக்கும் உரிமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மட்டும்தானா, சாட்சிக்கும் உண்டா? பதில் சொல்ல மறுத்தால் என்னைக் குற்றவாளி என்று எண்ண மாட்டார்களா?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் மைத்துனரும் மனைவியும் உங்கள்மீதுள்ள அக்கறையால்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் இருவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சாட்சிக்கும் மௌனம் காக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒவ்வொரு கேள்வியாக எடைபோட்டு, எந்தக் கேள்வியின் உண்மையான பதில் உங்களைக் குற்ற வழக்கில் சிக்கவைக்கக்கூடுமோ அந்தக் கேள்விக்கு மட்டும் பயன்படுத்த வேண்டிய உரிமை அது. விசாரணைக்கே போகாமல் இருப்பதற்கோ, போய் உட்கார்ந்து எதற்குமே பதில் சொல்லாமல் திரும்புவதற்கோ அது அனுமதி தருவதில்லை.

முதலில் நோட்டீஸில் எந்தச் சட்டப்பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு என்று இருந்தால், காவல்துறை உங்களை வழக்கின் விவரம் அறிந்த சாட்சியாக அழைக்கிறது என்று பொருள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 160ஆம் பிரிவாக இருந்தது. 35(3) என்று இருந்தால், நீங்களே குற்றம் செய்திருக்கக்கூடும் என்ற சந்தேகத்தின் பேரில் அழைக்கிறார்கள் என்று பொருள். அமலாக்கத் துறையின் சம்மன் என்றால் நிலைமை முற்றிலும் வேறு. அதைப் பின்னர் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் ‘சாட்சி என்ற முறையில்’ என்றிருப்பதால் 179ஆம் பிரிவு என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்தப் பிரிவின்கீழ், 60 வயதைக் கடந்த ஒருவரை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வருமாறு கட்டாயப்படுத்தக் கூடாது. பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. நீங்களாக விரும்பினால் காவல் நிலையத்துக்குப் போகலாம். விரும்பாவிட்டால், வயதைக் குறிப்பிட்டு, வீட்டிலேயே விசாரிக்குமாறு எழுத்து மூலம் கேளுங்கள். பழக்கமான நாற்காலியில், வீட்டார் அடுத்த அறையில் இருக்க, நிதானமாகப் பதில் சொல்வதற்கும், முன்பின் அறியாத கட்டடத்தில் மணிக்கணக்கில் காத்திருந்த களைப்போடு பதில் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

‘மடியில் கனமில்லை’ என்ற உங்கள் மனைவியின் சொல்லுக்கு வருகிறேன். திருட்டு வழக்கிலோ அடிதடி வழக்கிலோ அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சதி வழக்கின் இயல்பு வேறு. சட்டவிரோதமான ஒன்றைச் செய்வதாக இருவரோ பலரோ உடன்படுவதுதான் குற்றச்சதி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 61ஆம் பிரிவு அதைத்தான் தண்டிக்கிறது. அந்த உடன்பாட்டை யாரும் எழுதி வைப்பதில்லை என்பதால், யார் யாரைச் சந்தித்தார், யார் பணம் கொடுத்தார், யார் அறை பதிவு செய்தார் என்ற சிறுசிறு நிகழ்வுகளைக் கோத்துத்தான் அரசுத் தரப்பு அதை நிறுவ முயலும். மேலும், இருவருக்கிடையே சதி இருந்தது என்று நம்ப நியாயமான காரணம் இருக்குமானால், பொது நோக்கம் தொடர்பாக ஒருவர் சொன்னதையும் செய்ததையும் மற்றவருக்கு எதிராகவும் சான்றாகப் பயன்படுத்தச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே தன் வேலையைத் தவிர வேறெதுவும் அறியாத ஓர் உதவியாளரின் செயலும் அந்தக் கோவையில் ஒரு மணியாகத் தோன்றிவிடலாம். தன் மடியில் கனமிருப்பதே தெரியாமல் ஒருவர் நடந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் இத்தகைய வழக்குகளில் என்னை எப்போதும் கவலைகொள்ள வைக்கிறது. நோட்டீஸில் உள்ள ‘சாட்சி’ என்ற சொல், அது எழுதப்பட்ட நாளில் உங்களுக்கிருந்த நிலையை மட்டுமே காட்டுகிறது. விசாரணை வளரும்போது அந்த நிலை மாறலாம். அதற்கு எவருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை.

இனி, உரிமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. அரசமைப்புச் சட்டத்தின் 20(3) கூறு, எந்தக் குற்றத்துக்காகவும் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரைத் தனக்கெதிராகத் தானே சாட்சியாக இருக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ என்ற சொல் அதில் இருப்பதால்தான் சாட்சிக்கு உரிமை இல்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் காவல்துறை விசாரணையைப் பொறுத்தவரை, சுரக்ஷா சன்ஹிதாவின் 180(2) பிரிவு (பழைய 161(2)) அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. விசாரிக்கப்படும் எவரும் கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். குற்றச்சாட்டுக்கோ, தண்டத்துக்கோ, உடைமைப் பறிமுதலுக்கோ தம்மை ஆளாக்கும் போக்குடைய கேள்விகள் மட்டும் இதற்கு விலக்கு என்பதே அதன் சாரம். ஒரே வாக்கியத்தில் கடமையும் உரிமையும் சேர்ந்தே இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் மைத்துனர் பின்பாதியை மட்டும் சொல்கிறார், உங்கள் மனைவி முன்பாதியை மட்டும்.

இந்தப் பிரிவின் பொருளை நமக்குத் தெளிவாக்கியது ஓர் அரசியல்வாதியின் வழக்குத்தான். ஒரிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதி, ஊழல் புகார் ஒன்றின் விசாரணைக்காகக் கட்டாக்கிலுள்ள கண்காணிப்புத் துறைக் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டார். எழுத்தில் கொடுக்கப்பட்ட நீண்ட கேள்விப் பட்டியலுக்குப் பதில் சொல்ல அவர் மறுத்தார். அரசு ஊழியர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்த குற்றத்துக்காக அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 179ஆம் பிரிவின்கீழ் அவர்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, இந்தப் பாதுகாப்பு நீதிமன்றக் கூண்டில்தான் தொடங்குகிறது என்ற எண்ணத்தை மாற்றியது. காவல் நிலையத்தில் விசாரணை நடக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. விசாரணையிலிருக்கும் வழக்குக்கு மட்டுமல்லாமல், ஒருவர்மீது நிலுவையிலுள்ள அல்லது விரைவில் வரக்கூடிய வேறு குற்றச்சாட்டுகளுக்கும் அது நீள்கிறது. அடித்து வாங்குவது மட்டுமே கட்டாயம் ஆகாது, மனத்தைச் சோர்வடையச் செய்து, மிரட்டி, ஓயாமல் கேட்டு வாங்குவதும் கட்டாயமே என்றெல்லாம் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒரு பெண்ணைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்ததையும் அது கண்டித்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பின் இறுதிப் பகுதியைத்தான் நான் இளம் வழக்கறிஞர்களுக்கு அடிக்கடி படித்துக் காட்டுவேன். நீதிமன்றம் அவரை ‘பதிலே சொல்ல வேண்டாம்’ என்று அனுப்பிவிடவில்லை. தம்மைக் குற்றத்தில் சிக்கவைக்காத எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்வதாக அவர் உறுதியளிக்க வேண்டும் என்றும், ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தால், விவரங்களை வெளியிடாமலேயே, எந்த வழக்கு அல்லது எந்தக் குற்றம் தொடர்பாகத் தாம் அஞ்சுகிறார் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்றும் வழிவகுத்தது. உரிமை என்ற போர்வையில் வேண்டுமென்றே மறுக்கிறார் என்று அதிகாரி நியாயமாகக் கருதினால் அதன்பின் வழக்குத் தொடரலாம் என்றும் சொன்னது. உங்களைப் போன்ற ஒரு சாட்சிக்கு இதைவிடப் பயனுள்ள வழிகாட்டி எனக்குத் தெரியாது.

2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி நார்கோ சோதனை, பொய் கண்டறியும் சோதனை, மூளை அலைச் சோதனை ஆகியவற்றைச் செய்வது செல்லாது என்று அறிவித்தபோது, இந்தப் பாதுகாப்பு குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கு மட்டுமின்றிச் சந்தேகத்துக்குள்ளானவர்களுக்கும் சாட்சிகளுக்கும் விசாரணைக் கட்டத்தில் உண்டு என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது.

அப்படியானால் எந்தக் கேள்வியில் நிறுத்த வேண்டும்? உங்கள் நிலையையே எடுத்துக்கொள்வோம். எத்தனை ஆண்டுகள் வேலை செய்தீர்கள், என்ன சம்பளம், அலுவலகத்தில் வேறு யார் இருந்தார்கள், கடிதங்கள் எப்படிப் பதிவாயின என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அறை பதிவு செய்தது யார் என்ற கேள்வி நடுவில் நிற்கிறது. பதிவேட்டிலும் ரசீதிலும் உங்கள் பெயர் இருக்குமானால், அதை மறைப்பதால் பயனில்லை. ஆனாலும் அந்தப் பதில் உங்களைச் சதியோடு இணைக்கும் கண்ணியாக அமையக்கூடும் என்பதால், அதை உங்கள் வழக்கறிஞரோடு முன்கூட்டியே பேசி முடிவுசெய்வது நல்லது. கூட்டத்தில் என்ன பேசப்போகிறார்கள் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா, யாருடைய பணத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள், குறிப்பிட்ட கோப்பை அழிக்கச் சொன்னபோது என்ன செய்தீர்கள் என்ற வகைக் கேள்விகளில்தான் உரிமையின் தேவை உண்மையில் எழுகிறது. பதில் நேரடியாகக் குற்றத்தை ஒப்புக்கொள்வதாக இருக்க வேண்டியதில்லை. மற்ற ஆதாரங்களோடு சேரும்போது குற்றச்சாட்டை நோக்கி இட்டுச்செல்லும் தெளிவான வாய்ப்பு இருந்தால் போதும். அந்த அச்சம் வெறும் கற்பனையாக இருக்கக் கூடாது, அவ்வளவே.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்த உரிமை உங்களுக்கானது. உங்கள் முன்னாள் முதலாளிக்கானது அல்ல. அவரைக் காப்பாற்றுவதற்காகவோ, உப்பிட்டவர் என்ற நன்றிக்காகவோ, கட்சிக்காரர்கள் கோபிப்பார்கள் என்பதற்காகவோ, கேட்கப்பட்ட செய்தி உங்களுக்கு அவமானமாக இருக்கிறது என்பதற்காகவோ நீங்கள் பதில் சொல்ல மறுத்தால் சட்டம் உங்களுக்குத் துணை நிற்காது. நியாய சன்ஹிதாவின் 214ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாக அது ஆகலாம். அரசியல் வழக்குகளில் விசுவாசத்துக்காக வாயை மூடிக்கொண்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்கு வழக்கறிஞரை அமர்த்திக் கொடுத்தவர் அதே முதலாளி. தயவுசெய்து அவருடைய வழக்கறிஞரை உங்களுக்கும் வழக்கறிஞராக ஏற்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்கள் நலனும் உங்கள் முதலாளியின் நலனும் பிரியும் நாளில் அவரால் இருவருக்கும் நிற்க முடியாது.

மௌனத்தைவிட ஆயிரம் மடங்கு ஆபத்தானது பொய். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், ஒரு சந்திப்பு நடந்த நாளில் தாம் ஊரிலேயே இல்லை என்று பயத்தில் விசாரணை அதிகாரியிடம் சொல்லியிருந்தார். அந்தச் சந்திப்பில் அவர் தேநீர் கொடுத்துவிட்டு வெளியே வந்ததைத் தவிர எதுவும் செய்யவில்லை. ஆனால் அவருடைய கைப்பேசி அந்த இடத்தில் இருந்ததைக் கோபுரப் பதிவு காட்டியது. அதுவரை சாட்சிப் பட்டியலில் இருந்த பெயர், அந்த ஒரு பொய்யினால் எதிரிகள், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்கள், பட்டியலுக்கு மாறியது. ‘மறைக்க ஏதோ இருந்ததால்தானே பொய் சொன்னார்’ என்ற கேள்விக்கு நாங்கள் ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். ‘இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை’ என்று அன்று அவர் சொல்லியிருந்தால் அந்த ஆண்டுகள் அவருக்கு மிஞ்சியிருக்கும். நன்றாக நினைவிருக்கும் ஒன்றை ‘நினைவில்லை’ என்று சொல்வதும் பொய்தான். உண்மையிலேயே நினைவில்லாதபோது மட்டும் அப்படிச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வதை அதிகாரி எழுதிக்கொள்வார், அல்லது ஒலி, ஒளி வடிவில் பதிவு செய்வார். எழுதப்பட்ட வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திடக் கூடாது என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 181ஆம் பிரிவு சொல்கிறது. கையெழுத்துக் கேட்டால் பணிவோடு அந்தப் பிரிவை நினைவூட்டுங்கள். விசாரணையின்போது காவல் அதிகாரியிடம் சொன்னதை நீதிமன்றத்தில் பொதுவாக, பின்னர் நீங்கள் மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்த முடியும். ஆனால் அதை நூலாகப் பிடித்துக்கொண்டு வேறு ஆதாரங்களைத் தேடுவது நடைமுறையில் நடக்கவே செய்கிறது. உங்களை நீதித்துறை நடுவரிடம் அழைத்துச் சென்று 183ஆம் பிரிவின்கீழ் வாக்குமூலம் பதிவுசெய்யச் சொன்னால், அது வேறு தரத்திலான ஆவணம். சத்தியப்பிரமாணத்தின் பேரில் தரப்படுவது. உங்கள் சொந்த வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்காமல் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஆவணங்களுக்கும் உடல் சார்ந்த சான்றுகளுக்கும் இந்த உரிமை அவ்வளவாக நீளாது. 1961இல் காத்தி காலு ஓகத் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் தருவது ‘சாட்சியம் அளிப்பது’ ஆகாது என்று தீர்ப்பளித்தது. தன் சொந்த அறிவிலிருந்து ஒரு செய்தியை வெளிப்படுத்துவதே சாட்சியம் என்பது அதன் அடிப்படை. குரல் மாதிரி தருமாறு நடுவர் உத்தரவிடலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைப்பேசியின் கடவுச்சொல்லைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் மாறுபட்ட கருத்துகளைச் சொல்லியிருக்கின்றன. ஆகவே கேட்டவுடன் கொடுத்துவிடாமல், எழுத்து மூலமான உத்தரவைக் கேளுங்கள். எது எப்படியாயினும், கைப்பேசியிலோ கணினியிலோ உள்ள ஒரே ஒரு செய்தியைக்கூட இப்போது அழித்துவிடாதீர்கள். சாட்சியத்தை அழிப்பது தனிக்குற்றம். மௌன உரிமை அதைக் காக்காது.

அமலாக்கத் துறைக்கு வருகிறேன். சதி வழக்கைத் தொடர்ந்து பணப்பரிமாற்ற வழக்கும் வருவது இன்று வழக்கமாகிவிட்டது. எனவே அடுத்த சம்மன் அங்கிருந்து வரக்கூடும். சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடைச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்கீழ் அழைக்கப்படுபவர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர். அந்த விசாரணை நீதிமன்ற நடவடிக்கைக்கு இணையாகக் கருதப்படுவதால், அங்கே சொல்லும் பொய், பொய்ச்சாட்சியக் குற்றமாகும். 2022 ஜூலை 27 அன்று விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மன் அனுப்பப்படும் கட்டத்தில் அந்த நபர் குற்றஞ்சாட்டப்பட்டவர் அல்லர் என்பதால் 20(3) கூறு அப்போது பொருந்தாது என்றும், அமலாக்கத் துறையினர் காவல்துறையினர் அல்லர் என்பதால் அவர்களிடம் தரும் வாக்குமூலம் சான்றாக ஏற்கத்தக்கது என்றும் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை. வாக்குமூலம் வாங்கும் நாளில் ‘நீ குற்றஞ்சாட்டப்பட்டவன் அல்ல’ என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே வாக்குமூலத்தைக் கொண்டு அவரைக் கைது செய்ய வழிவிடுவது, நந்தினி சத்பதி வழக்கில் கிடைத்த பாதுகாப்பைக் கொல்லைப்புறம் வழியாக வெளியேற்றுவதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் என் கருத்து உங்களைக் காப்பாற்றாது. இன்று நடைமுறையில் இருக்கும் சட்டம் அதுதான். எனவே அமலாக்கத் துறையின் சம்மன் வந்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அந்தச் சட்டத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞரைப் பாருங்கள்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்து உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் விதி மறுபடியும் மாறுகிறது. பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 137ஆம் பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தின் 132) ‘என் பதில் என்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும்’ என்ற காரணத்துக்காகச் சாட்சி பதில் சொல்லாமலிருக்க முடியாது என்கிறது. அதற்கு ஈடாக, அப்படிக் கட்டாயத்தின் பேரில் சொன்ன பதிலைக் கொண்டு அவரைக் கைது செய்யவோ, அவர்மீது வழக்குத் தொடரவோ, எந்தக் குற்ற வழக்கிலும் அதை அவருக்கெதிராக நிரூபிக்கவோ கூடாது என்று அதே பிரிவு வாக்குறுதி தருகிறது. பொய்ச்சாட்சியத்துக்கான வழக்கு மட்டும் விலக்கு. வாய் திறக்கச் சொல்லி, திறந்த வாயிலிருந்து வந்ததைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு இது. சாட்சி முதலில் மறுப்புத் தெரிவித்து, நீதிபதி கட்டாயப்படுத்தினால்தான் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்று 1881இல் சென்னை உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. 2015இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தினேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தப் பாதுகாப்பை 20(3) கூறின் தொடர்ச்சியாகக் கண்டு, சாட்சிக்குச் சாதகமாகப் பொருள்கொண்டது. இருந்தாலும் நான் என் சாட்சிகளிடம், அத்தகைய கேள்வி வரும்போது நீதிபதியை நோக்கி மறுப்பைத் தெரிவித்து அதைப் பதிவுசெய்யச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள் என்றே சொல்வேன். அதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். ஆனால் உங்கள் பதிலைத் தவிர வேறு வலுவான ஆதாரங்கள் உங்களுக்கெதிராக இருந்தால், அவற்றைக் கொண்டு உங்களை எதிரியாகச் சேர்க்க இந்தப் பிரிவு தடையாக நிற்காது.

இந்த ஏற்பாட்டின் வலிமையை அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு நன்றாகக் காட்டுகிறது. ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவாவின் கிளர்ச்சிப் படைகளுக்குத் திருப்பிய விவகாரத்தில் ஆலிவர் நார்த் என்ற இராணுவ அதிகாரி, தன்னைத்தானே குற்றத்தில் சிக்கவைத்துக்கொள்ளாதிருக்கும் உரிமையைக் கோரினார். அவருடைய சாட்சியத்தை அவருக்கெதிராகப் பயன்படுத்துவதில்லை என்ற பாதுகாப்பை அளித்து 1987இல் நாடாளுமன்றக் குழுக்கள் அவரைப் பேசவைத்தன. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 1989இல் மூன்று குற்றங்களுக்காக அவர் தண்டிக்கப்பட்டார். ஆனால் வழக்கில் சாட்சி சொன்னவர்கள் அந்தத் தொலைக்காட்சிச் சாட்சியத்தின் தாக்கத்துக்கு ஆளாகியிருக்கலாம் என்று கூறி, 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை ரத்துசெய்தது. 1991இல் வழக்கே முடிவுக்கு வந்தது. கட்டாயத்தில் பெற்ற சொல் வேறு வழியாகக்கூட அவருக்கெதிராகத் திரும்பக் கூடாது என்பதில் அந்த நீதிமன்றம் அவ்வளவு கண்டிப்பாக இருந்தது.

விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு அதன்முன் அழைக்கப்பட்டாலும் ஏறத்தாழ இதே பாதுகாப்பு உண்டு. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, ஆணையத்தின் முன் கேள்விக்குப் பதிலாகச் சொன்னதை உரிமையியல் வழக்கிலோ குற்றவியல் வழக்கிலோ உங்களுக்கெதிராகப் பயன்படுத்த முடியாது. நெருக்கடி நிலைக்கால அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் முன் 1978 ஜனவரியில் இந்திரா காந்தி உறுதிமொழி எடுக்கவே மறுத்ததையும், அதற்காக அவர்மீது டெல்லி நடுவர் நீதிமன்றத்தில் புகார் தொடுக்கப்பட்டதையும் நீங்கள் அறிந்திருக்கலாம். அவருக்கு இருந்த அரசியல் பலம் உங்களுக்கும் எனக்கும் இல்லை. அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விசாரணையின் ஏதோ ஒரு கட்டத்தில் ‘அப்ரூவராக மாறிவிடுங்கள், உங்களை விட்டுவிடுகிறோம்’ என்று யாராவது சொல்லக்கூடும். குற்றத்தில் தொடர்புடைய ஒருவர் மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக மாறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மன்னிப்பு வழங்கும் அதிகாரம் காவல் அதிகாரிக்கு இல்லை. சுரக்ஷா சன்ஹிதாவின் 343, 344ஆம் பிரிவுகளின்படி அது நடுவருக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. குற்றத்தில் தொடர்புடையவர், தாம் அறிந்த அனைத்தையும் ஒளிவுமறைவின்றிச் சொல்வதாக ஏற்றுக்கொண்டால்தான் அது கிடைக்கும். சொல்லத் தவறினால் அவர்மீதே விசாரணை நடத்தலாம். செய்யாத குற்றத்தில் தொடர்பிருப்பதாக ஒப்புக்கொண்டு விடுதலை தேடுவது எவ்வளவு பெரிய பள்ளம் என்பதை நீங்களே உணர்வீர்கள். காந்தியடிகள் கொலை வழக்கில் திகம்பர் பட்கே அப்ரூவராகச் சொன்ன சாட்சியத்துக்குத் தனித்த உறுதிப்பாடு கிடைக்காததால்தான் 1949இல் செங்கோட்டைச் சிறப்பு நீதிமன்றம் சாவர்க்கரை விடுவித்தது. அப்ரூவரின் சொல்லை நீதிமன்றங்கள் எப்போதும் ஐயத்தோடுதான் கையிலெடுக்கின்றன.

கடைசியாக, உங்களை அதிகம் வாட்டும் கேள்வி: பேச மறுத்தால் குற்றவாளி என்று நினைப்பார்களே? நினைப்பவர்கள் இருப்பார்கள். அமெரிக்காவில் 1950களில், கம்யூனிஸ்ட் சதி என்று சொல்லி நாடாளுமன்றக் குழுக்கள் ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் அழைத்து விசாரித்தபோது, பதில் சொல்ல மறுத்தவர்களுக்கு வேலை போயிற்று. அப்படி வேலையிழந்த கல்லூரிப் பேராசிரியர் ஸ்லோச்சோவர் தொடுத்த வழக்கில் 1956இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்த உரிமையைக் கோருவதையே குற்ற ஒப்புதலுக்குச் சமமாக்கினால் உரிமை வெறும் கேலிக்கூத்தாகிவிடும் என்ற பொருளில் எழுதி அவர் பக்கம் நின்றது. நம் நாட்டிலும், தனக்காகச் சாட்சி சொல்ல முன்வராத எதிரியின் மௌனத்தை அவருக்கெதிராக அரசுத் தரப்போ நீதிமன்றமோ விமர்சிக்கக் கூடாது என்று நடைமுறைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. அடித்துப் பிடுங்கிய ஒப்புதல்களால் நிரபராதிகள் அழிந்த காலங்களிலிருந்து பிறந்த உரிமை இது. அதைப் பயன்படுத்துவதற்காக நீங்கள் யார் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை. உங்கள் மனைவியிடமும் இதை என் சார்பில் சொல்லுங்கள்.

இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியவை இவை. உங்களுக்கென்று தனியாக ஒரு குற்றவியல் வழக்கறிஞரை அமர்த்துங்கள். வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை எடுத்துப் படியுங்கள். அதில் எந்தத் தேதிகளும் எந்தச் செயல்களும் சொல்லப்பட்டிருக்கின்றன என்பது தெரிந்தால்தான் எந்தக் கேள்வி உங்களைச் சிக்கவைக்கும் என்பது தெரியும். விசாரணையின்போது வழக்கறிஞர் உடனிருக்க அனுமதி கேட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். சாட்சிக்கு அது முழுமையான உரிமை இல்லையென்றாலும், பேச்சு காதில் விழாத தூரத்தில், கண்ணுக்குத் தெரியும்படி வழக்கறிஞர் இருக்க நீதிமன்றங்கள் சில வழக்குகளில் அனுமதித்திருக்கின்றன. பதில் சொல்ல இயலாத கேள்வி வரும்போது இப்படிச் சொல்லுங்கள்: “ஐயா, இந்த வழக்கில் என்மீதே குற்றச்சாட்டு வரக்கூடும் என்று நியாயமாக அஞ்சுவதால், 180(2) பிரிவின்படி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைத் தவிர்க்கிறேன், மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். இதை அப்படியே பதிவு செய்யுங்கள்.” வீடு திரும்பியவுடன், என்ன கேட்டார்கள், எதற்குப் பதில் சொன்னீர்கள், எதை மறுத்தீர்கள் என்று தேதி, நேரத்தோடு எழுதி வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள்.